விண்ணில் பழுதடைந்த கண்ணும் மண்ணிலிருந்து நிகழ்ந்த மீட்பும்

வானிலை அவதானிப்புக்கென ஐக்கிய அமெரிக்கா 2018ஆம் ஆண்டு மார்ச் 1ஆம் திகதி விண்ணில் செலுத்திய கோஸ்-17 செய்மதி, தனது கடமையைப் பொறுப்பேற்பதற்கு முன்னரே பழுதுக்குள்ளாகியது. அதே ஆண்டு மே 23ஆம் திகதி, நோவா என்ற சுருக்கப் பெயரால் அறியப்படும் அமெரிக்க தேசிய சமுத்திர மற்றும் வளிமண்டல நிர்வாகம், அச்செய்மதியின் பிரதான படமாக்கல் கருவியின் குளிரூட்டும் தொகுதி உரிய முறையில் இயங்கவில்லை என்பதைப் பகிரங்கமாக அறிவித்தது. கருவியின் 16 அலைவரிசைகளில் 13 அலைவரிசைகள் நாளின் ஏறத்தாழ அரைப்பங்கு நேரத்தில் பயனற்றுப் போகின்றன என்பதே அந்த அறிவிப்பின் சாரமாகும்.

இவ்வாறு குருடாகிவிட்டதெனக் கருதப்பட்ட இச்செய்மதியே ஒன்பது மாதங்களின் பின்னர் பசுபிக் சமுத்திரத்தின் மீதான அமெரிக்காவின் காவற் கண்ணாகக் கடமையேற்று, 2023ஆம் ஆண்டின் தொடக்கம் வரை அப்பணியை ஆற்றியது. எவரும் விண்ணுக்குச் சென்று அதைத் திருத்தவில்லை. உதிரிப்பாகம் எதுவும் மாற்றப்படவுமில்லை. இம்மீட்பு எவ்வாறு சாத்தியமானது, அதன் எல்லைகள் எவை, வானிலை எச்சரிக்கைகளையே நம்பியிருக்கும் ஏனைய நாட்டு மக்களுக்கு அது கூறும் செய்தி யாது என்பவற்றை நாம் இங்கு ஆராய்வது பயனுடையதாகும்.

கோஸ்-17 என்பது நான்கு செய்மதிகளைக் கொண்ட தொடரின் இரண்டாவது செய்மதியாகும். இத்தொடர் முழுவதற்குமான செலவு ஏறத்தாழ 11 பில்லியன் டொலர்களாகும். பூமத்திய ரேகைக்கு மேலே ஏறத்தாழ 35,800 கிலோமீற்றர் உயரத்தில், பூமி சுழலும் வேகத்துக்கு ஏற்பத் தானும் சுற்றுவதால், இத்தகைய செய்மதி பூமியிலுள்ளோருக்கு வானில் ஒரே இடத்தில் நிலைத்து நிற்பது போன்று தோன்றும். ஆகவே அது ஒரே பிரதேசத்தை இரவும் பகலும் இடைவிடாது நோக்கிக்கொண்டிருக்கும். புயலொன்று கருக்கொள்வதையும், வலுவடைவதையும், திசை மாறுவதையும் நிமிடக் கணக்கில் பின்தொடர இதைவிடச் சிறந்த வழி இன்றுவரை மனிதனிடம் இல்லை.

இங்கு ஒன்றைக் கவனித்தல் வேண்டும். கண்ணுக்குப் புலப்படும் ஒளியைக் கொண்டு எடுக்கப்படும் படங்கள் பகற் பொழுதில் மாத்திரமே பயன்தருவன. சூரியன் மறைந்த பின்னர் முகில்களின் உச்சி எவ்வளவு குளிர்ந்திருக்கின்றது, வளிமண்டலத்தில் நீராவி எவ்வாறு பரந்திருக்கின்றது, காட்டுத்தீ எங்கு மூண்டிருக்கின்றது என்பவற்றைக் காட்டுவன அகச்சிவப்பு என்றும் அழைக்கப்படும் செந்நிறக்கீழ்க் கதிர்களே. கோஸ்-17இன் கருவியில் கண்ணுக்குப் புலப்படும் ஒளிக்கென உள்ளவை இரண்டு அலைவரிசைகள் மாத்திரமே. ஏனையவை யாவும் செந்நிறக்கீழ்ப் பகுதியையும் அதனை அண்டிய பகுதியையும் சார்ந்தவை. பழுது தாக்கியதும் இவற்றையே. இரவில் விழித்திருக்க வேண்டிய காவலாளி இரவிலேயே பார்வையிழந்தால் நேரக்கூடியது யாதென்பதைக் கூறத் தேவையில்லை.

பழுதின் தன்மை விளங்கிக்கொள்வதற்குக் கடினமானதன்று. வெப்பத்தை அளக்கும் உணரிகள் தாமே வெப்பமுற்றிருந்தால், அவை பூமியிலிருந்து வரும் மெல்லிய கதிர்களைப் பிரித்தறிய இயலாது. எனவே கருவியின் மிகவும் நுண்ணிய உணரிகளைச் சுழியத்துக்குக் கீழ் ஏறத்தாழ 213 பாகை செல்சியஸ் வரை குளிர்விக்கும் வகையிலேயே அது வடிவமைக்கப்பட்டிருந்தது. அவ்வாறு அகற்றப்படும் வெப்பத்தை வெளிப்புறத் தகடொன்றுக்குக் கொண்டுசென்று விண்வெளியில் வெளியேற்றுவது வளைய வெப்பக் குழாய் எனப்படும் பாகத்தின் கடமையாகும். குழாயினுள் அடைக்கப்பட்ட திரவம் ஆவியாகி வெப்பத்தை ஏந்திச் சென்று, மறுமுனையில் குளிர்ந்து மீண்டும் திரவமாகித் திரும்பும். இச்சுழற்சியே கோஸ்-17இல் தடைப்பட்டது.

இதன் விளைவு எல்லா நேரங்களிலும் ஒரேயளவாக இருக்கவில்லை. செய்மதிக்கு நேர் கீழேயுள்ள பூமியில் நள்ளிரவாக இருக்கும் வேளையில், சூரியன் பூமியின் மறுபுறத்தே நிற்கின்றது. அவ்வேளையில் பூமியின் விளிம்பைக் கடந்து வரும் சூரியக் கதிர்கள், பூமியை நோக்கியிருக்கும் கருவியின் வாயிலினூடாக உட்புகுந்து அதனைச் சூடாக்கும். இரவும் பகலும் சமமாக அமையும் நாட்களுக்குச் சற்று முன்னரும் பின்னரும் இவ்வெப்பம் உச்சத்தை அடையும். அந்நாட்களை ஒட்டி நள்ளிரவு வேளையில் பூமியின் நிழல் செய்மதியின் மீது விழுவதால் ஓரளவு ஆறுதல் கிடைக்கும். ஆகவே பெப்ரவரி, ஏப்ரல், ஒகஸ்ட், ஒக்டோபர் மாதங்களை அண்டிய சில வாரங்களே மிகவும் இக்கட்டானவையாக அமைந்தன.

35,800 கிலோமீற்றர் உயரத்திலுள்ள குழாயொன்றைத் திருத்துவதற்கு எவரையும் அனுப்ப முடியாது. பொறியியலாளர்களிடம் எஞ்சியிருந்தவை பூமியிலிருந்து அனுப்பக்கூடிய கட்டளைகளும், கிடைக்கும் தரவுகளைச் சீர்செய்யும் கணித முறைகளும் மாத்திரமே. இவற்றைக் கொண்டே அவர்கள் மீட்புப் பணியில் இறங்கினர். உணரிகளை வடிவமைப்பில் குறிக்கப்பட்டதிலும் உயர்ந்த வெப்பநிலையில் இயக்கி, அதற்கேற்ப அவற்றின் உணர்திறனை மாற்றியமைத்தனர். வெப்பம் மிகுந்த இரவுகளில் கருவியின் வேலைப்பளுவைக் குறைத்து, பத்து நிமிடங்களுக்கு ஒரு தடவை எடுக்கப்பட்ட முழுக்கோளப் படத்தைப் பதினைந்து நிமிடங்களுக்கு ஒன்றாக மட்டுப்படுத்தினர். உணரிகளின் வெப்பநிலை அடுத்த கணங்களில் எவ்வாறு மாறும் என்பதை முன்கூட்டியே கணித்து, அதற்கேற்ப அளவீடுகளைத் திருத்தும் முறையொன்று 2019 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. மருந்தினால் குணமாகாத நோயை உணவையும் உறக்கத்தையும் ஒழுங்குபடுத்திக் கட்டுக்குள் வைத்திருப்பதற்கு ஒப்பான முயற்சியே இது.

இம்முயற்சிகளின் பயனாக, கருவி தர வேண்டிய தரவுகளில் 97 சதவீதத்துக்கும் அதிகமானவற்றைப் பெறமுடியும் என 2018இன் பிற்பகுதியில் மதிப்பிடப்பட்டது. 2019 பெப்ரவரி 12ஆம் திகதி கோஸ்-17, மேற்குப் பிராந்தியத்துக்கான செய்மதியாக உத்தியோகபூர்வமாகக் கடமையேற்றது. அமெரிக்காவின் மேற்குக் கரை, அலாஸ்கா, ஹவாய் ஆகியவற்றுடன் பசுபிக் சமுத்திரத்தின் பெரும் பரப்பும் அதன் பார்வைக்குள் வந்தன.

97 சதவீதம் என்பது மகத்தான சாதனையே. எனினும் இத்தகைய சராசரிகளை எச்சரிக்கையுடன் நோக்க வேண்டுமென்பதே எமது கருத்தாகும். எஞ்சிய மூன்று சதவீதம் ஆண்டு முழுவதும் சிறிது சிறிதாகப் பரந்து கிடக்கவில்லை. அது குறிப்பிட்ட சில வாரங்களின் நள்ளிரவு வேளைகளில் குவிந்திருந்தது. அவ்வாரங்களிற் சில கிழக்கு, மத்திய பசுபிக் பகுதிகளின் சூறாவளிப் பருவத்துக்குள் அடங்குகின்றன. புயலொன்று கரையை நெருங்கும் இரவொன்றில் படம் கிடைக்காது போனால், ஆண்டின் ஏனைய 364 இரவுகளிலும் கிடைத்த படங்கள் அந்தக் கரையோர மக்களுக்கு எந்த ஆறுதலையும் தரப்போவதில்லை. எச்சரிக்கைச் சேவையொன்றின் தரத்தை ஆண்டுச் சராசரியைக் கொண்டன்றி, மிக மோசமான இரவைக் கொண்டே அளவிட வேண்டும்.

நோவா நிர்வாகம் இதனை உணர்ந்திருந்தது என்பதற்கு அதன் நடவடிக்கைகளே சான்றாகும். முன்னைய தலைமுறையைச் சேர்ந்த கோஸ்-15 செய்மதியை உடனடியாக ஓய்வுக்கு அனுப்பாது, 2020ஆம் ஆண்டின் தொடக்கம் வரை புதிய செய்மதியுடன் சேர்த்தே இயக்கி வந்தது. அதன் பின்னர் 2020 ஒகஸ்ட் மாதத்தில், சூறாவளிப் பருவத்தையும் வெப்பக் காலத்தையும் கருத்திற் கொண்டு அந்தப் பழைய செய்மதி மீண்டும் பணிக்கு அழைக்கப்பட்டது. புதியவன் தளரும் இரவில் முதியவன் காவலுக்கு நின்றான்.

மாற்று ஏற்பாடு இருந்தால் பேரிடரின் விளிம்பிலும் தப்பிக்கொள்ளலாம் என்பதற்கு இதற்கு முன்னரும் உதாரணம் உண்டு. 2012 செப்டெம்பர் மாத இறுதியில், அமெரிக்காவின் கிழக்குப் பகுதியைக் கண்காணித்து வந்த கோஸ்-13 செய்மதியின் கருவிகள் கோளாறுக்குள்ளாகின. விண்வெளியிலேயே உறங்கு நிலையில் வைக்கப்பட்டிருந்த கோஸ்-14 உடனடியாக எழுப்பப்பட்டு அவ்விடத்துக்கான பணியை ஏற்றது. கோளாறு சீராக்கப்பட்டு கோஸ்-13 ஒக்டோபர் 18ஆம் திகதி மீண்டும் கடமைக்குத் திரும்பியது. பதினொரு நாட்களின் பின்னர், ஒக்டோபர் 29ஆம் திகதி சாண்டி புயல் நியூஜேர்சிக் கரையைத் தாக்கியது. மாற்றுச் செய்மதி இல்லாதிருந்து, கோளாறும் மேலும் இரு வாரங்கள் நீடித்திருந்தால் நிலைமை எவ்வாறாகியிருக்கும் என்பதை வாசகர்களின் சிந்தனைக்கே விட்டுவிடுகின்றோம். பயன்படுத்தப்படாது சும்மா சுற்றிக்கொண்டிருக்கும் செய்மதி வீண்செலவு எனக் கணக்காளர் ஒருவர் கூறக்கூடும். அத்தகைய இரவொன்றில்தான் அதன் பெறுமதி தெரியவரும்.

கோஸ்-17 விவகாரத்தில் தற்காலிக ஏற்பாடுகளுடன் விடயம் முடிந்துவிடவில்லை. பழுதுக்கான காரணத்தைக் கண்டறிய நாசாவும் நோவாவும் விசாரணைச் சபையொன்றை நியமித்தன. கருவியோ எவரும் தொட்டுப் பார்க்க முடியாத தூரத்தில் இருந்தது. எனவே கிடைத்த அளவீடுகளையும் பூமியிலுள்ள ஒத்த பாகங்களையும் கொண்டே விசாரணையை நடத்த வேண்டியிருந்தது. வளைய வெப்பக் குழாய்களினுள் அந்நியத் துகள்கள் புகுந்து குளிரூட்டும் திரவத்தின் ஓட்டத்தைத் தடுத்திருக்கலாம் என்பதே மிகவும் சாத்தியமான காரணம் என்ற முடிவுக்கு அச்சபை வந்தது. பல நூறு மில்லியன் டொலர் பெறுமதியான செய்மதியொன்றை முடக்கியது கண்ணுக்கு எளிதிற் புலப்படாத குப்பை எனின், மனித முயற்சிகளின் பெருமையும் சிறுமையும் ஒருங்கே வெளிப்படுகின்றன.

இதனைவிட முக்கியமானது யாதெனில், அந்த முடிவு கோப்புகளுக்குள் உறங்கவில்லை என்பதாகும். தொடரின் மூன்றாவது செய்மதிக்கென ஏற்கனவே தயாரிக்கப்பட்டிருந்த கருவி திருப்பி எடுக்கப்பட்டு, வெப்பம் வெளியேற்றும் பாகம் மீண்டும் வடிவமைக்கப்பட்டது. துகள்களால் அடைபடக்கூடிய வடிகள் அகற்றப்பட்டு எளிமையானதொரு அமைப்பு கையாளப்பட்டது. குப்பையைத் தடுப்பதற்கென வைக்கப்பட்ட வடியே குப்பையால் அடைபடும் இடமாக மாறக்கூடும் என்பது, எந்த நிருவாகத்தையும் நடத்துவோர் மனங்கொள்ளத்தக்க பாடமாகும். இம்மாற்றம் தாமதத்தையும் மேலதிகச் செலவையும் ஏற்படுத்திய போதிலும், அத்தாமதம் ஏற்றுக்கொள்ளப்பட்டது. திருத்தப்பட்ட கருவியுடன் கோஸ்-18, முன்னையது செலுத்தப்பட்டுச் சரியாக நான்கு ஆண்டுகளின் பின்னர், 2022 மார்ச் 1ஆம் திகதி விண்ணேகியது. அதன் பரிசோதனைக் காலம் முடிவதற்கு முன்னரே, அதே ஆண்டின் பிற்பகுதியில் கோஸ்-17 சூடேறிய காலங்களில் அதன் தரவுகள் இடைவெளியை நிரப்பப் பயன்பட்டன. 2023 ஜனவரி 4ஆம் திகதி மேற்குப் பிராந்தியப் பொறுப்பை அது முழுமையாக ஏற்றதைத் தொடர்ந்து கோஸ்-17 மாற்றுச் செய்மதியாக ஒதுக்கி வைக்கப்பட்டது.

இவ்வரலாற்றை அமெரிக்கத் தொழில்நுட்பத்தின் வெற்றிப் பெருமிதமாக மாத்திரம் வாசிப்பது தவறாகும். பல பரிசோதனைகளைக் கடந்து சென்ற கருவியொன்றே இவ்வாறு பழுதடைந்தது என்பது அப்பரிசோதனைகளின் மீதான கேள்வியுமாகும். ஆயினும் பழுது நேர்ந்த பின்னர் கடைப்பிடிக்கப்பட்ட ஒழுங்கு முன்மாதிரியானது. முதலாவதாக, செய்மதி கடமையேற்பதற்கு முன்னரே பழுது மறைக்கப்படாது பகிரங்கப்படுத்தப்பட்டது. அதனால், எந்த நேரத்துத் தரவை நம்பலாம், எதனை நம்பலாகாது என்பதை அவற்றைப் பயன்படுத்துவோர் அறிந்திருந்தனர். இரண்டாவதாக, கையிலிருந்த மாற்று வழிகள் யாவும் பயன்படுத்தப்பட்டன. மூன்றாவதாக, காரணம் ஆராயப்பட்டு அடுத்த கருவியில் அது களையப்பட்டது. இம்மூன்றில் ஒன்று தவறியிருந்தாலும் மீட்பு முழுமை பெற்றிருக்காது.

இவை யாவற்றையும் நிறைவேற்றியவர்கள் மனிதர்களே. பல்லாண்டு கால அனுபவம் கொண்ட பொறியியலாளர்களும் விஞ்ஞானிகளும் இல்லாதிருந்தால், கோஸ்-17 விண்ணில் மிதக்கும் விலையுயர்ந்த குப்பையாகவே எஞ்சியிருக்கும். அவ்வாறிருக்க, அதே நோவா நிர்வாகத்திலிருந்து நூற்றுக்கணக்கான பணியாளர்கள் 2025ஆம் ஆண்டில் சிக்கனத்தின் பெயரால் குறைக்கப்பட்டமை கவலைக்குரியது. கருவி பழுதடைந்தால் மனிதர்கள் அதனை மீட்பர். மனிதர்களை இழந்த நிறுவனத்தை எந்தக் கருவி மீட்கப் போகின்றது?

இவ்விவகாரம் எமக்கு எட்டாத தொலைவிலுள்ளதொன்று எனக் கருதுவதற்கில்லை. சொந்தமாக வானிலைச் செய்மதி எதனையும் கொண்டிராத இலங்கை, அயல்நாடுகளின் கண்களைக் கொண்டே தனது வானத்தைப் பார்க்கின்றது. இந்தியாவின் இன்சாட் வரிசைச் செய்மதிகளும், ஜப்பானின் ஹிமவாரி செய்மதிகளும், ஐரோப்பிய நாடுகளின் மீற்றியோசாட் செய்மதிகளும் வங்காள விரிகுடாவையும் இந்து சமுத்திரத்தையும் நோக்குவன. ஹிமவாரியின் கருவி, கோஸ்-17இன் கருவியைத் தயாரித்த அதே அமெரிக்க நிறுவனத்திடமிருந்து பெறப்பட்ட, அதே குடும்பத்தைச் சேர்ந்த கருவியாகும். இந்து சமுத்திரத்துக்கு ஐரோப்பா வழங்கி வருவதோ, தனது பிராந்தியத்தில் கடமையாற்றி முதிர்ந்த செய்மதிகளையே. 2002இல் ஏவப்பட்ட மீற்றியோசாட்-8, 2016இல் இப்பக்கம் நகர்த்தப்பட்டு 2022 வரை பணியாற்றியது. அதன் இடத்துக்கு வந்த மீற்றியோசாட்-9கூட 2005இல் ஏவப்பட்டதேயாகும். இவ்வுதவியை நாம் நன்றியுடனேயே நோக்குகின்றோம். ஆயினும் இரவல் கண்களை நம்பியிருப்போர், அக்கண்களின் ஆரோக்கியம் குறித்து அறிந்திருப்பதும், ஒன்று மங்கினால் மற்றொன்றுக்கு வழி செய்திருப்பதும் அவசியமாகும்.

இந்நாட்டின் கரையோரத்துக்குப் புயல் புதியதன்று. 1978 நவம்பர் 23ஆம் திகதி மட்டக்களப்பைத் தாக்கிய சூறாவளியில் 900க்கும் மேற்பட்டோர் மாண்டனர். கிழக்கின் தமிழ், முஸ்லிம் கிராமங்களில் அந்த இரவு இன்றும் பேசப்படுகின்றது. 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா புயல் கொணர்ந்த பெருமழையினாலும் மண்சரிவுகளினாலும் 600க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். மலையகத்தின் லயன்களில் வாழ்ந்த மக்களும் அதற்குப் பெரும் விலை கொடுத்தனர். எச்சரிக்கைகள் உரிய வேளையில் தமிழ் மொழியில் கிடைக்கவில்லை என்ற விசனமும் அவ்வேளையில் பரவலாக எழுந்தது.

செய்மதி கண்ட காட்சி, தோட்டத்திலும் மீன்பிடித் துறையிலும் உள்ள மனிதனின் காதுக்கு அவன் அறிந்த மொழியில் சென்றடையும் போதே அது எச்சரிக்கையாகின்றது. விண்ணிலிருந்து அந்தக் காது வரை நீளும் சங்கிலியின் இறுதிக் கண்ணியும் ஒரு கருவியே. அது அறுந்தால், 35,800 கிலோமீற்றர் உயரத்தில் எல்லாக் கருவிகளும் செவ்வனே இயங்கியும் பயனில்லை. குழாயினுள் புகுந்த துகளைத் தேடுவதற்கு விசாரணைச் சபை அமைக்க முடியுமெனின், ஓர் எச்சரிக்கை ஏன் ஒரு கிராமத்தை, ஒரு மொழியினரைச் சென்றடையவில்லை என்பதைத் தேடுவதற்கும் அதேயளவு நேர்மையான விசாரணை நடத்தப்பட முடியும். விண்ணிலுள்ள பழுதைப் போன்று இது கைக்கெட்டாத தூரத்தில் இருப்பதுமன்று.

கருவிகள் பழுதடைவது இயல்பு. அதனை ஒப்புக்கொள்வதும், மாற்று வழியை ஆயத்தமாக வைத்திருப்பதும், அடுத்த தடவை அதே பழுது நேராதவாறு திருத்துவதும் ஆட்சி செய்வோரின் பொறுப்பு. வளிமண்டலவியல் திணைக்களத்துக்கும் அனர்த்த முகாமைத்துவ நிலையத்துக்கும் போதிய ஆளணியையும், இரு மொழிகளிலும் ஒரே வேளையில் எச்சரிக்கை விடுப்பதற்கான வசதியையும் வழங்குவதற்குச் செய்மதியொன்றை ஏவுமளவுக்குப் பணம் தேவைப்படாது. அடுத்த வடகீழ்ப் பருவமழைக்கு முன்னர் இவை செய்து முடிக்கப்பட வேண்டும் என்பதை உரியவர்களுக்கு நாம் வலியுறுத்திக் கூற விரும்புகின்றோம்.